எவனெசென்ஸின் ‘பிரிங் மீ டு லைஃப்’: முதல் சிங்கிளும் வீடியோக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் மெட்டல் இசைக்குழு எவனெசென்ஸ் 2003-இல் வெளியிட்ட முதல் சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் பாட்டு) ‘பிரிங் மீ டு லைஃப்’. மெட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட இந்தப் பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். யூடியூபில் அதன் வீடியோ 100 கோடிப் பார்வைகளைத் தாண்டிவிட்டது. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்லவேண்டும்.

எவனெசென்ஸ் யார்? எங்கிருந்து வந்தவர்கள்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகரம் லிட்டில் ராக்தான் இவர்கள் ஊர். மெட்டலுக்குப் பேர்போன ஊர் ஒன்றும் இல்லை. 1994-இல் ஒரு கிறிஸ்தவ இளைஞர் முகாமில் குழுவின் பாடகி ஏமி லீ பியானோவில் ராக் பாடகர் மீட் லோஃபின் பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் பென் மூடி என்ற பையன், பின்னாளில் குழுவின் கிதார்காரர், அவரிடம் பேசப் போனான். இருவருக்கும் அப்போது பதின்மூன்று வயதையொட்டித்தான். அடுத்த ஆண்டே சேர்ந்து பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘முதல் சிங்கிள்’ என்பதால் அதற்கு முன்னால் எதுவுமே வெளியிடவில்லை என்று நினைக்கவேண்டாம். 1998-லும் 1999-லும் சிறிய இ.பி.க்கள் (சில பாட்டுகள் மட்டும் உள்ள தட்டுகள்), 2000-இல் ‘ஆரிஜின்’ என்ற டெமோ (மாதிரிப் பதிவு) ஆல்பம் எல்லாம் வந்தன. கையில் எடுத்துப்போய் விற்ற அளவுதான். உலகம் கேட்ட முதல் பாட்டு இதுதான்.

பாட்டை எழுதியது யார்?

ஏமி லீ, பென் மூடி, அப்போது கீபோர்டு வாசித்த டேவிட் ஹாட்ஜஸ் மூவரும். இந்தப் பாட்டு உள்ள ‘ஃபாலன்’ ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, 2002 டிசம்பரில், ஹாட்ஜஸ் குழுவை விட்டு விலகிவிட்டார்.

பாட்டு எதைப் பற்றியது? தற்கொலையா, கடவுளா, காதலா?

மூன்றும் இல்லை. காதல் கொஞ்சம் கிட்டே வருகிறது.

ஏமிக்கு அப்போது 19 வயது. மனத்தை நோகடிக்கும் ஓர் உறவில் மாட்டிக்கொண்டு, வெளியில் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தார். ஓர் உணவகத்தில், அவ்வளவாகப் பழக்கம் இல்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, சந்தோஷமாக இருக்கிறாயா என்று சட்டென்று கேட்டுவிட்டார். நெருங்கியவர்கள் யாரும் கவனிக்காததை இவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஏமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே மரத்துப்போயிருந்தேன், அதைத் தெரிந்துகொள்ளவே இன்னொருவர் தேவைப்பட்டார் என்ற உணர்விலிருந்து பாட்டு பிறந்தது. அந்த ‘ஒருவர்’ யார் என்று ஆரம்பகாலப் பேட்டிகளில் அவர் சொல்லவில்லை. பின்னாளில் சொன்னார். 2007-இல் அவரைத்தான் திருமணமும் செய்துகொண்டார்.

இந்தப் பின்னணி தெரிந்தபிறகு பாட்டின் முதல் வரிகளைக் கேளுங்கள். அது கண்களைப் பற்றிய வரி. யாரோ தன் கண்ணுக்குள் புகுந்து பார்த்துவிட்டதைத்தான் சொல்கிறார்.

பாட்டில் ஏமியோடு ஒலிக்கும் ஆண்குரல் லிங்கின் பார்க் என்ற ராக் குழுவைச் சேர்ந்ததா?

இல்லை. ட்வெல்வ் ஸ்டோன்ஸ் என்ற குழுவின் பாடகர் பால் மெக்காய். எவனெசென்ஸை ஒப்பந்தம் செய்த விண்ட்-அப் ரெக்கார்ட்ஸ்தான் அந்தக் குழுவையும் வைத்திருந்தது. கம்பெனிக்குள்ளேயே ஆள் கிடைத்துவிட்டார்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. பெயரையும் பாடகரையும் மாற்றிப் போட்ட எம்.பி.3 கோப்புகள் இணையத்தில் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. அத்தோடு எவனெசென்ஸின் ‘ஃபாலன்’ ஆல்பம் 2003 மார்ச் 4-ஆம் தேதி வந்தது. லிங்கின் பார்க்கின் ‘மெட்டியோரா’ அதே மாதம் 25-ஆம் தேதி. கனத்த கிதார், பியானோ, ஒருவர் பாட இன்னொருவர் இடையில் ராப் சொல்வது எல்லாம் அந்த மாதம் காற்றிலேயே இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டவர்கள் குழம்பாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஏமி லீக்கு அந்த ஆண்குரல் பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராக் ரேடியோவில் பெண்குரல் அபூர்வம். பெண்ணும் பியானோவும் சேர்ந்தால் ரேடியோக்காரர்கள் வாங்கமாட்டார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. நிரந்தரமாக ஓர் ஆண் ராப் பாடகரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆல்பம் வெளிவராது என்றார்கள். ஏமி முடியாது என்றார். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து ஆர்கன்சாவுக்குத் திரும்பியும் விட்டார்கள். சில வாரங்கள் கழித்துக் கம்பெனி இறங்கிவந்தது. நிரந்தர ஆள் வேண்டாம், ஒரு பாட்டில் மட்டும் இருக்கட்டும் என்றது. அந்த ஒரு பாட்டு, முதலில் வெளியாகப்போகும் பாட்டு.

ஏமியின் பயமும் நியாயமானதுதான். தங்களை யாருக்கும் தெரியாது. அறிமுகமாகும் பாட்டிலேயே ராப் இருந்தால் இதுதான் இவர்கள் பாணி என்று முத்திரை குத்திவிடுவார்கள். அப்படித்தான் நடந்தது. ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளில் ராப்பே கிடையாது. முழு ஆல்பத்தையும் கேட்காதவர்களில் பலர் இன்றைக்கும் எவனெசென்ஸை ராப்-மெட்டல் குழு என்றுதான் நினைக்கிறார்கள்.

அப்படியானால் அந்தக் குரல் இல்லாமல் பாட்டு இன்னும் நன்றாக இருந்திருக்குமா?

இதில் ரசிகர்கள் இரண்டு கட்சி. நான் ஏமி கட்சி இல்லை.

நம் சினிமா டூயட்டில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வார். அந்தப் பழக்கத்தில் கேட்டால் மெக்காய் காப்பாற்ற வருகிறவர் என்று தோன்றும். வரிகளைக் கவனித்தால் கதை வேறு. பல்லவியில் அவர் கத்துவதும் அதே கெஞ்சல்தான்: எழுப்பு, எழ முடியவில்லை, காப்பாற்று. பதில் சொல்ல யாருமே இல்லை. இரண்டு பேரும் ஒரே இருட்டுக்குள் நின்று ஒரே உதவியைக் கேட்கிறார்கள். கம்பெனி வியாபாரத்துக்காகத் திணித்த குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் திணித்த பிறகு அது பாட்டுக்கு ஒரு பதற்றத்தைக் கொடுத்துவிட்டது. அந்தக் குரல் இல்லாத வடிவத்தில் ஏமி தனியாகத் துக்கப்படுகிறார். இதில் வீடே தீப்பற்றியதுபோல் இருக்கிறது.

இரண்டாவது பல்லவிக்குப் பிறகு வரும் ராப் பகுதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நானும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வேன். அந்த இடம் 2003-இலேயே நின்றுவிட்டது.

‘டேர்டெவில்’ படத்துக்காக எழுதிய பாட்டா?

படத்துக்காக எழுதியது இல்லை. படத்தின் மூலம் வெளியே வந்தது. பென் ஆஃப்லெக் நடித்த காமிக்ஸ் நாயகன் படமான ‘டேர்டெவில்’ 2003 பிப்ரவரி 14-ஆம் தேதி வெளியானது. அதன் பாட்டு ஆல்பத்தை வெளியிட்டது விண்ட்-அப் ரெக்கார்ட்ஸ். தன் கையில் இருந்த புதுக் குழுவின் இரண்டு பாட்டுகளைக் கம்பெனி அதில் சேர்த்துவிட்டது. படத்தில் எலெக்ட்ராவாக வரும் ஜெனிஃபர் கார்னர் மணல் மூட்டைகளைக் கிழித்துப் பயிற்சி செய்யும் காட்சியில் ‘பிரிங் மீ டு லைஃப்’ ஒலிக்கும். இன்னொரு பாட்டான ‘மை இம்மார்ட்டல்’ சவ அடக்கக் காட்சியில் வரும். படத்தை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. பாட்டை மறந்தவர்கள் அதைவிடக் குறைவு.

பாட்டில் எதைக் கவனித்துக் கேட்கவேண்டும்?

ஹெட்ஃபோனில் கேளுங்கள், அதுவும் ஆரம்பத்தை. பியானோ மட்டும் இருக்கிறது. ஒரு சின்னச் சுழற்சி, அதே சில சுரங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஏமி கிட்டத்தட்டக் காதருகே பாடுகிறார். பல்லவிக்கு முன் அவர் ஒரு சுரத்தை இழுத்துப் பிடிப்பார். அது அடங்கும் நேரத்தில் மெக்காயின் குரலும் கிதாரும் ஒன்றாக விழும். இந்த ஒரு திருப்பத்தில்தான் பாட்டின் பாதிப் பலம் இருக்கிறது. ரேடியோவில் முதல்முறை கேட்டவர்கள் யார் பாட்டு இது என்று தேடியதும் இதனால்தான்.

அடுத்து கிதாருக்குப் பின்னால் இருப்பதைக் கேளுங்கள். அங்கே வயலின் வரிசை இருக்கிறது, கீபோர்டு ஒலி அல்ல, ஆட்கள் உட்கார்ந்து வாசித்தது. 22 பேர். ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் டேவிட் கேம்பல், பாடகர் பெக்கின் அப்பா. கிதார் வெட்டி வெட்டி நிறுத்தும் இடங்களில் வயலின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இவ்வளவு கனமான பாட்டு கேட்கும்போது மிதப்பதுபோல் இருக்கிறது. தயாரிப்பாளர் டேவ் ஃபோர்ட்மன். மிக்ஸ் செய்தவர் ஜே பாம்கார்ட்னர். இத்தனை அடுக்குகளுக்கு நடுவில் ஏமியின் குரல் எங்கேயும் அமுங்கவில்லை. அந்தப் பெருமை பாம்கார்ட்னருக்கும் சேரவேண்டும்.

இது நு மெட்டலா, காதிக் மெட்டலா, ஆல்டர்நேட்டிவ் மெட்டலா?

கிதார் வெட்டும் ராப்பும் நு மெட்டல். வயலினும் கூட்டுக்குரலும் இருண்ட அழகும் காதிக். மொத்தமாக ஆல்டர்நேட்டிவ் மெட்டல் என்று சொல்லிவிடுவது வசதி. இதற்குமேல் சண்டை போட விரும்பினால் யூடியூப் கமென்டுகளில் இருபது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது, சேர்ந்துகொள்ளலாம்.

வீடியோவை இயக்கியது யார்? எங்கே எடுத்தார்கள்?

ஜெர்மன் இயக்குநர் ஃபிலிப் ஷ்டோல்ஸ்ல். 2003 ஜனவரியில் ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் எடுத்தார்கள்.

ஷ்டோல்ஸ்ல் மேடை அலங்காரத்திலிருந்து வந்தவர். ராம்ஷ்டைன் குழுவின் ‘டு ஹாஸ்ட்’, மடோனாவின் ‘அமெரிக்கன் பை’ வீடியோக்கள் அவருடையவை. பாட்டு ‘டேர்டெவில்’ படத்தோடு வருவதால் வீடியோவில் ஆக்‌ஷன் இருக்கவேண்டும் என்று கம்பெனி கேட்டது. ராத்திரி, மாடிக் கட்டடம், விழும் பெண் என்ற யோசனை அப்படி வந்தது. காமிக்ஸ் பக்கத்தைப்போல் வீடியோ நீலமும் கறுப்புமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு தகவல். இதே ஷ்டோல்ஸ்ல் 2008-இல் ‘நார்ட்வாண்ட்’ என்ற படம் எடுத்தார். 1936-இல் ஐகர் மலையின் வடக்குச் சுவரில் ஏறப்போய்க் கயிற்றில் தொங்கி உயிர்விட்ட மலையேறிகளின் கதை. பிடி நழுவும் கை என்றால் இந்த மனிதருக்கு ஏதோ ஒரு மோகம் இருக்கிறது.

வீடியோவின் கதை என்ன?

உயரமான கட்டடம் ஒன்றில், மெல்லிய இரவு உடையில் ஒரு பெண் படுக்கையில் தூங்குகிறாள். கெட்ட கனவு. கனவில் அவள் கட்டடத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறாள், முடி மேல்நோக்கிப் பறக்கிறது. அதே கட்டடத்தின் வேறொரு மாடியில் இசைக்குழு வாசிக்கிறது. அங்கேயும் ஏமிதான் பாடுகிறார், வேறு உடையில். அப்புறம் தூங்கியவள் எழுந்து, ஜன்னல் வழியாக வெளியேறி, வெறுங்காலோடு சுவர் விளிம்பில் ஏறிப்போகிறாள். குழு இருக்கும் மாடிக்கு வந்ததும் கால் தவறுகிறது, விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறாள். மெக்காய் ஜன்னலுக்கு வெளியே குனிந்து கையை நீட்டுகிறார். பிடி நிற்கவில்லை. அவள் விழுகிறாள். பிறகு மறுபடி படுக்கை.

பாடுகிற ஏமியும் தொங்குகிற ஏமியும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தன் குரலே ஒலித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தான் தொங்குவது: உள்ளே மரத்துப்போன ஒருத்தியைக் காட்ட இதைவிட நேரான வழி எனக்குத் தோன்றவில்லை.

அவர் உண்மையிலேயே தொங்கினாரா, டூப்பா?

ஏமியேதான். அந்தக் காட்சிக்காக மணிக்கணக்கில் மெக்காயின் கையைப் பிடித்துத் தொங்கினார், சோர்வே காட்டவில்லை, அந்த ஷாட் நம்பும்படி இருக்கிறதென்றால் அதற்கு அவர்தான் காரணம் என்று ஷ்டோல்ஸ்ல் பிற்பாடு சொன்னார். படப்பிடிப்புக்கு முன் அவருக்கு இந்தக் குழுவைப் பற்றி அதிகம் தெரியாதாம்.

அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். ஒரு புதுப்பாடகி தன் முதல் வீடியோவில் அழகாகத் தெரியவேண்டும் என்ற கவலை முகத்தில் துளியும் இல்லை. கழுத்து நரம்பு தெரிய மேலே பார்த்துப் பாடுகிறார். ஆக்‌ஷன் கேட்டது கம்பெனி. அதைப் பாட்டாக மாற்றியது அந்த முகம்.

ஏன் அவரைக் காப்பாற்றவில்லை? பாட்டின் தலைப்புக்கே எதிராக இருக்கிறதே?

பார்ப்பவர்களில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி. படமாக இருந்தால் கடைசி நொடியில் கை பிடித்து இழுத்துவிடும். வீடியோ அப்படிச் செய்யவில்லை.

மேலே சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் புரியும். பாட்டில் மெக்காயின் குரலும் உதவி கேட்கிற குரல்தான். தானே விழித்துக்கொள்ள முடியாதவர் இன்னொருவரைத் தூக்கிவிட முடியாது. காப்பாற்றிவிட்டார் என்று முடித்திருந்தால், பெண் பாடினால் போதாது, பக்கத்தில் ஓர் ஆண் வேண்டும் என்ற கம்பெனியின் வாதத்தையே வீடியோவும் சொன்னதாகியிருக்கும். ஷ்டோல்ஸ்ல் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாரா என்பது வேறு விஷயம். விளைவு அப்படி அமைந்துவிட்டது. திணிக்கப்பட்ட ஆளுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அந்த வேலையில் அவர் தோற்பதையும் காட்டிவிட்டார்கள்.

வீடியோவில் வாசிப்பவர்கள்தான் பாட்டிலும் வாசித்தார்களா?

எல்லாரும் இல்லை. ஆல்பத்தில் டிரம்ஸ் ஜாஷ் ஃப்ரீஸ். ஊரில் உள்ள பாதிக் குழுக்களுக்கு வாசித்தவர், பிற்பாடு 2023-இல் ஃபூ ஃபைட்டர்ஸிலும் சேர்ந்தார். பாஸ் கிதார் ஃபிரான்செஸ்கோ டிகோஸ்மோ. வீடியோவில் டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பவர் ராக்கி கிரே, மூடியோடு கிதார் வாசிப்பவர் ஜான் லெகாம்ட். இருவரும் மேடைக் கச்சேரிக்காகச் சேர்ந்த ஆர்கன்சா நண்பர்கள்.

ஆல்பத்தின் மற்ற வீடியோக்கள் எவை? எதை முதலில் பார்க்கலாம்?

‘ஃபாலன்’ ஆல்பத்திலிருந்து மொத்தம் நான்கு. இரண்டாவது ‘கோயிங் அண்டர்’. அதையும் ஷ்டோல்ஸ்ல்தான் எடுத்தார், பெர்லினில். கச்சேரிக்கு முன் மேக்கப் போடுகிறவர்கள், பேட்டி எடுக்கிறவர்கள், ரசிகர்கள் என்று சுற்றி நிற்கும் முகங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பிசாசாக மாறுகின்றன. இடையிடையே ஏமி தண்ணீருக்கடியில் பாடுகிறார். உடைகளை அவரே வடிவமைத்தார். பிசாசு முக கிராஃபிக்ஸ் இன்றைக்குக் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். தண்ணீர்க் காட்சிகள் இன்னும் அப்படியே நிற்கின்றன.

மூன்றாவது ‘மை இம்மார்ட்டல்’. என்னைக் கேட்டால் நான்கில் சிறந்தது இதுதான். டேவிட் மோல்ட் இயக்கியது. 2003 அக்டோபரில் பார்சிலோனாவின் பழைய கோதிக் பகுதியில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ஏமி இதில் எங்கேயும் தரையைத் தொடுவதில்லை. நீரூற்றின் மேல் படுத்திருப்பார், ஜன்னலில் உட்கார்ந்திருப்பார், கால் மண்ணில் படாது. பென் மூடி அதே தெருக்களில் தனியாக நடந்துபோகிறார். இருவரும் ஒரே சட்டகத்தில் வருவதில்லை. செத்தது அவளா, அவனா என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். இந்த வீடியோ எடுத்த அதே மாதம் 22-ஆம் தேதி, ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் நடுவில், மூடி குழுவை விட்டுப் போய்விட்டார். அது தெரிந்து பார்க்கும்போது படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்று: ஆல்பத்தில் இந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாது. வீடியோவில் கடைசிப் பகுதியில் முழுக் குழுவும் வந்து சேரும் வடிவம் இருக்கிறது.

நான்காவது ‘எவ்ரிபடிஸ் ஃபூல்’, 2004-இல், மறுபடி ஷ்டோல்ஸ்ல். விளம்பரங்களில் சிரிக்கும் நட்சத்திரமாக ஏமி வருகிறார். எல்லாப் பொருளின் பெயரும் ‘லைஸ்’, அதாவது பொய்கள். தன் தங்கை போலிப் பாப் நட்சத்திரங்களைப் பார்த்து மயங்குவதைக் கண்டு எழுதிய பாட்டு. சொல்லவந்ததைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லும் வீடியோ.

மூடி ஏன் போனார்?

இசையில் ஒத்துப்போகவில்லை என்பதுதான் வெளியே சொன்ன காரணம். அவர் இடத்துக்கு கோல்ட் குழுவிலிருந்து டெர்ரி பால்சமோ வந்தார்.

எவனெசென்ஸ் கிறிஸ்தவ இசைக்குழுவா?

முகாமில் சந்தித்தவர்கள், சில வரிகளில் மீட்பு, உயிர்த்தெழல் என்ற சாயல் இருக்கிறது. ஆகவே ஆல்பம் அமெரிக்காவின் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளுக்கும் போனது. ஒரு பத்திரிகைப் பேட்டியில், நாங்கள் அப்படிப்பட்ட குழு இல்லை என்று ஏமியும் மூடியும் கெட்ட வார்த்தைகளோடு சொல்லிவிட்டார்கள். 2003 ஏப்ரலில், ஆல்பத்தை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனித் தலைவரே அந்தக் கடைகளுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விற்பனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாட்டு எந்த அளவுக்கு வெற்றி பெற்றது?

அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசைப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் 5-ஆம் இடம். பிரிட்டனில் 2003 ஜூனில் நான்கு வாரம் முதலிடம். ஆஸ்திரேலியாவில் ஆறு வாரம். 2004 கிராமி விழாவில் சிறந்த ஹார்ட் ராக் நிகழ்த்துகைக்கான விருது பாட்டுக்குக் கிடைத்தது, மெக்காய்க்கும் அதில் பங்கு. சிறந்த புதுக் கலைஞர் விருதும் குழுவுக்கே. அதை வாங்க மேடை ஏறியபோது, அதே பிரிவில் போட்டியிட்டுத் தோற்ற ராப் பாடகர் 50 சென்ட் அவர்களுக்குக் குறுக்கே மேடையில் ஒரு நடை நடந்துவிட்டுப் போனார். பாட்டுக்குள் ராப் திணித்தது போதாதென்று மேடைக்கும் ஒரு ராப்பர் வந்துவிட்டார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்.

‘ஃபாலன்’ 2022-இல் அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிக்கான டயமண்ட் சான்றிதழ் பெற்றது.

ராப் இல்லாத வடிவம் எங்கே கிடைக்கும்?

2017-இல் வந்த ‘சிந்தெசிஸ்’ ஆல்பத்தில். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் எலெக்ட்ரானிக் ஒலிகளும் சேர்த்துப் பழைய பாட்டுகளைப் புதிதாகச் செய்தார்கள். ஆர்க்கெஸ்ட்ரா ஏற்பாடு மறுபடி டேவிட் கேம்பல். 14 வருஷம் கழித்து ஏமி தான் நினைத்தபடி பாடியிருக்கிறார். குரல் இன்னும் பழுத்திருக்கிறது. பியானோவும் வயலினும் முன்னால் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பழைய இடி இதில் விழாது. அதற்கென்று கேட்கப்போனால் ஏமாற்றம்தான்.

மேடை வடிவம் வேண்டுமென்றால் 2004-இல் பாரிஸ் கச்சேரியைப் பதிவுசெய்து வெளியிட்ட ‘எனிவேர் பட் ஹோம்’. அதில் மெக்காயின் பகுதியைப் பாடுபவர் ஜான் லெகாம்ட். டெமோ கேட்க ஆசையிருந்தால் 2023 நவம்பரில் வந்த ‘ஃபாலன்’ 20-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. முதல் முறை கேட்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு 2003 வடிவத்திலிருந்தே தொடங்குங்கள். எதற்காக இவ்வளவு தகராறு என்று அப்போதுதான் தெரியும்.

இன்றைக்குக் குழுவில் யார் யார்?

முதல் ஆல்பக் காலத்தவர் ஏமி லீ ஒருவர்தான். டிம் மெக்கார்ட், வில் ஹன்ட், ட்ராய் மெக்லாஹார்ன் ஆகியோரோடு 2022-இல் பாஸ் கிதாருக்கு எம்மா அன்சாய் வந்து சேர்ந்தார்.

கரோக்கேயில் பாடுவது கஷ்டமா?

பல்லவி சுலபம் என்று எல்லாரும் நினைத்துப் போய் மாட்டிக்கொள்வார்கள். முதல் சரணத்தைப் பேசுவதுபோல் தாழ்வாகப் பாடவேண்டும், பலர் அங்கேயே உரக்கத் தொடங்கிவிட்டுப் பல்லவிக்கு மூச்சு இல்லாமல் நிற்பார்கள். பல்லவியில் ஏமியின் வரிக்கும் மெக்காயின் வரிக்கும் நடுவில் இடைவெளியே கிடையாது, இரண்டையும் ஒருவரே பாட முயன்றால் மூன்றாவது வரியில் மூச்சு முட்டும். கூட ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ராப் பகுதியை அவர் தலையில் கட்டிவிடலாம்.